களை முந்தும், உரம் பிந்தும்

இயற்கை விவசாயத்துக்கு மாறியவர்கள் இரண்டாம் வருடத்திலேயே ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டால் பூச்சி என்பார்கள், களை என்பார்கள், ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரே சங்கதிதான் கிடக்கும். இந்த விவசாயத்தில் நாம் நம்பியிருக்கும் எதுவும் நாம் நினைத்த நாளில் வேலை செய்யாது. யூரியா போட்டால் ஒரு வாரத்துக்குள் பயிர் கரும்பச்சையாகும். தொழு உரம் எப்போது கரைந்து வேருக்குப் போகும் என்பதை மண்ணின் சூடும் ஈரமும் நுண்ணுயிர்களும் முடிவு செய்கின்றன. பூச்சி முதலில் வரும், அதைத் தின்பவை பிறகுதான் வரும். உழைப்பு முன்னால் போகும், பலன் பின்னால் வரும். இந்த நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இது மிக நல்ல தொழில். பிடிபடாதவர்களுக்குத் தினமும் சோதனைதான்.

தழைச்சத்தில்தான், அதாவது நைட்ரஜனில்தான், பலரும் ஏமாறுகிறார்கள். ஹெக்டேருக்கு 10 டன் மட்கிய உரம் இடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 4 டன் தண்ணீர். மீதி 6 டன்னில் தழைச்சத்து 1.5 சதவீதம் என்றால் 90 கிலோ. கணக்கில் பார்த்தால் ஒரு பயிருக்குப் போதும். ஆனால் நன்றாக மட்கிய உரத்தில் இந்தச் சத்து மட்கோடு இறுகப் பிணைந்திருக்கும். முதல் வருடத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் விடுபடும். அதாவது 9 முதல் 18 கிலோ. ஹெக்டேருக்கு 5 டன் தானியம் தரும் பயிரோ 100 கிலோவை ஒட்டி எடுக்கும். "பத்து டன் போட்டேன், பயிர் மஞ்சளாகவே நிற்கிறது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம். மண் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மீதிச் சத்து மண்ணிலேயே இருக்கிறது, அடுத்தடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வருடா வருடம் போட்டு வந்தால், பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து நான்காம் ஐந்தாம் வருடத்தில் பயிரில் தெரிய ஆரம்பிக்கும்.

அதுவரை இடைவெளியை அடைக்கப் பசுந்தாள் உரம் வேண்டும். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, 45 நாள் வாக்கில் பூவெடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் ஹெக்டேருக்கு 20 டன் வரை பசுந்தழையும் அதில் 80 கிலோவை ஒட்டிய தழைச்சத்தும் கிடைக்கும். இளந்தழை என்பதால் சீக்கிரம் அழுகும், சத்தும் சீக்கிரம் விடுபடும். இங்கே நாள் தவறக்கூடாது. இன்னும் வளரட்டும் என்று இரண்டு வாரம் விட்டால் தண்டில் நார் ஏறிவிடும். நார் ஏறிய தண்டை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், அடுத்த பயிர் வெளுத்து நிற்கும். மடக்கி உழுத மறுநாளே விதைப்பதும் தவறு. அழுகும் தழையில் பூஞ்சாணமும் ஈப்புழுவும் பெருகி முளையை அழுகடித்துவிடும். தண்ணீர் கட்டி நடும் வயலானால் 7 முதல் 10 நாள் போதும், புழுதி நிலமானால் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அதற்கு மேல் தரிசாகப் போட்டு வைத்து நல்ல மழை பிடித்துக்கொண்டால், கரைந்த சத்து வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும்.

பசுந்தாள் பயிர் உண்மையிலேயே தழைச்சத்தைச் சேர்க்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு செடியைக் கையால் இழுக்காமல் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் அந்தப் பயிருக்கான ரைசோபியம் என்ற வேர்முடிச்சுப் பாக்டீரியா மண்ணில் இல்லை என்று சந்தேகிக்கலாம். அடுத்த முறை அதே பயிருக்குரிய ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் அத்தனையும் செத்துவிடும்.

தழைச்சத்து பற்றவில்லை என்று வருடா வருடம் எருவையே கூட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. எருவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கும் விகிதம் வேறு, பயிர் எடுக்கும் விகிதம் வேறு. தழைச்சத்துக்காக எருவை அளந்து போட்டால், பயிர் எடுப்பதைவிட மணிச்சத்து மிஞ்சிப்போய் மண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும், அங்கிருந்து நீர்நிலைக்கும் போகும். கோழி எருவில் இது இன்னும் வேகம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்வது இயற்கை விவசாயிக்கும் அவசியம்.

மட்கு உரக் குவியலில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்: கலவை, ஈரம், காற்று. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25 முதல் 30-க்கு 1 என்று தொடங்க வேண்டும். கையளவில், காய்ந்த சருகும் வைக்கோலும் இரண்டு மூன்று கூடை என்றால் பச்சைத் தழையோ சாணமோ ஒரு கூடை. நீள அகல உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. நாசியைத் துளைக்கும் நெடி அடித்தால் தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, சருகைச் சேருங்கள். அழுகின முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை, புரட்டுங்கள். களை விதையும் நோய்க்கிருமியும் சாக 55 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், 70-ஐத் தாண்டினால் நல்ல நுண்ணுயிரும் சாகும். அமெரிக்க இயற்கை விவசாய விதி, நீளக் குவியலாகச் செய்யும்போது 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல் என்கிறது. ஐந்து முறை ஏன் என்றால், குவியலின் வெளிப்புறம் சூடேறாது. ஒவ்வொரு புரட்டலிலும் வெளியே இருந்தது உள்ளே போக வேண்டும். இதைச் செய்யாமல் போட்ட உரத்திலிருந்துதான் வயலெங்கும் களை முளைக்கிறது.

வெளியிலிருந்து வாங்கும் வைக்கோலிலும் எருவிலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் அடித்த புல்லை மாடு தின்றால், அவை மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் உயிரோடு வரும், குவியல் சூட்டிலும் முழுதாக அழியாது. அந்த உரத்தைப் போட்ட நிலத்தில் தக்காளியும் பயறு வகையும் இலை சுருண்டு நின்றுவிடும். வண்டி வண்டியாக இறக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உரம் ஒரு பங்கு, உரம் படாத மண் இரண்டு பங்கு கலந்து மூன்று தொட்டி. வெறும் மண் மட்டும் நிரப்பி மூன்று தொட்டி. ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை. ஒரு தொட்டியின் வடிநீர் இன்னொன்றுக்குப் போகாமல் தனித்தனித் தட்டில் வையுங்கள். மூன்று வாரத்தில் மூவிலைக் கொத்துகள் விரியும். உரத் தொட்டியில் மட்டும் புது இலை கிண்ணம் போலக் குவிந்து, நரம்பு நெருங்கி, நுனி முறுக்கிக்கொண்டால் அந்த உரத்தைத் தொட வேண்டாம். மூன்று வாரம் காத்திருக்க மனம் வராதுதான். ஆனால் வயலில் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

அடுத்தது களை. இந்தத் தொழிலில் ஆள் கூலியையும் முதுகையும் அதிகம் தின்பது இதுதான். வெள்ளை நூல் பருவத்தைத் தெரிந்துகொள்ளாதவர்களுக்குக் களையோடு போராட்டம் முடியவே முடியாது. விதைத்த நான்கைந்தாம் நாள், நிலம் வெறுமையாகத் தெரியும்போதே, விரலால் மேல் மண்ணைக் கீறிப் பாருங்கள். தையல் நூல் போல வெள்ளை வெள்ளையாக முளைகள் படுத்திருக்கும். அந்த நேரத்தில் காலை வெயிலில் லேசான பல்கலப்பை அல்லது சீப்புக் களைக்கொத்தியால் 2 செ.மீ. ஆழம் கீறிவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துபோகும். ஓர் ஆள் அரை நாளில் முடிக்கும் வேலை. இரண்டிலைப் பருவம் வரை விட்டால் கொத்த வேண்டும், நான்கிலைக்கு மேல் போனால் குனிந்து பிடுங்க வேண்டும். பச்சை தெரிந்த பிறகுதான் களை எடுப்போம் என்பது பழக்கம், அதைத்தான் மாற்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் வயலில் கால் வைக்க முடியாமல் போனால் அந்தப் பருவமே கை நழுவும். யாராலும் தவிர்க்க முடியாத இழப்பு அது.

அதற்கு மாற்றாகப் பொய்ப்பாத்தி இருக்கிறது. விதைக்கப் போகும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாத்தியைக் கடைசிப் பக்குவத்துக்குக் கொண்டுவந்து, விதை போடாமல் தண்ணீர் மட்டும் விட வேண்டும். 10 நாளில் மேல் மண்ணில் இருக்கும் களை விதைகள் முளைத்து வரும். மேலாக, 2 செ.மீ.க்கு மிகாமல் கொத்திவிட்டு, நாள் இருந்தால் இன்னொரு முறையும் இதையே செய்யலாம். பிறகு மண்ணைப் புரட்டாமல் விதைக்க வேண்டும். இதில் கெடுவது எங்கே என்றால், விதைப்பதற்கு முன் பழக்க தோஷத்தில் ஓர் உழவு ஓட்டிவிடுவது. கீழே தூங்கிக்கொண்டிருந்த விதைகளை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண்.

கோரைக்கு இது எதுவும் பலிக்காது. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகத் தொடுத்திருக்கும். உழுதால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். வைக்கோல் மூடாக்கையும் பிளாஸ்டிக் தாளையும் அதன் முளை குத்திக்கொண்டு வந்துவிடும். அதற்கு ஆகாதது இரண்டு: நிழலும் காய்ச்சலும். கடும் வெயில் காலத்தில் உழுது கிழங்குகளை மேலே கொண்டுவந்து காயவிடுவதும், அடுத்து நெருங்கி மூடும் பயிரை அடர்த்தியாக விதைப்பதும் சேர்ந்துதான் அதை ஒடுக்கும், அதுவும் இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால். மற்றக் களைகளில் ஒன்றைக்கூட விதை கட்ட விடக்கூடாது. முள்ளுக்கீரை, குப்பைக்கீரை இனத்தில் நன்றாக வளர்ந்த ஒரே செடி லட்சம் விதை வரை உதிர்க்கக்கூடியது. அறுவடை முடிந்த களைப்பில், பயிர் போய்விட்டதே என்று வயலில் விட்டுவைத்த பத்துச் செடிதான் அடுத்த வருடத்து வேலை.

பூச்சி விஷயத்தில் வேண்டியது பொறுமை என்று எல்லோரும் சொல்வார்கள், எவ்வளவு பொறுப்பது என்று சொல்லமாட்டார்கள். அசுவினியை எடுத்துக்கொள்வோம். வெப்பமான நாளில் ஒரு தாய் தினமும் சில குஞ்சுகளை நேரடியாக ஈனும், அவை ஒரு வாரத்தில் தாயாகும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக மூன்று வாரம் வரை எடுக்கும். இந்த இடைவெளியில் செடி பிசுபிசுத்து, இலை சுருண்டு, பார்க்கவே பதைக்கும். இங்கேதான் கை தெளிப்பானைத் தேடும். அதற்கு முன் இருபது செடியை நடந்து பாருங்கள். கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை போல ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. வளர்ந்து முடிப்பதற்குள் சில நூறு அசுவினியைத் தின்றுவிடும். ஊதிப்போய் வைக்கோல் நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. பாதிக்கு மேற்பட்ட செடிகளில் இவை தெரிந்தால் ஐந்து நாள் கழித்து வந்து பாருங்கள், தெளிக்காதீர்கள். சோப்புக் கரைசல்கூட அந்தப் புழுவின் மெல்லிய உடலைக் கொன்றுவிடும். பிறகு அசுவினி திரும்ப வரும், காவல் இருக்காது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. தேன் கழிவுக்காக எறும்பு அசுவினியைக் காவல் காக்கும், பொறிவண்டை அண்டவிடாது. முதலில் எறும்பின் வழியை அடைக்க வேண்டும்.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைச் சாறு நம்பகமானது, செய்முறை சரியாக இருந்தால். ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பால் போல வெளுத்ததும் துணியில் வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்க வேண்டும். எடுத்த மூன்று மாதத்துக்குள்ளும் எட்டு மாதத்துக்குப் பிறகும் கொட்டையில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் குறைவு. வேப்பங்கொட்டை கேட்கவில்லை என்பவர்களிடம் கொட்டைக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பூஞ்சணம் பிடித்த கொட்டை வேண்டாம். வெயில் அந்த மருந்தைச் சிதைக்கும் என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். அது பூச்சியை உடனே சுருட்டிப் போடாது. தின்னாமல் செய்யும், தோல் உரிக்க விடாது. மறுநாள் உயிரோடு இருப்பதைப் பார்த்து இரண்டாம் முறை அடிக்கக் கூடாது. பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்துக்கும் இதே கதை. புழு அதைத் தின்றாக வேண்டும், சிறு புழுவாக இருக்க வேண்டும். விரல் நீளப் புழுவுக்கு அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வது நியாயமில்லை. டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியை வயலில் விடக் கட்டும் அட்டை, பூச்சியின் முட்டையை மட்டும்தான் அழிக்கும். ஆகவே இனக்கவர்ச்சிப் பொறியில் முதல் அந்துப்பூச்சி விழுந்த உடனே, இலைக்கு அடியில், சாயங்காலம் கட்ட வேண்டும். புழு கண்ணில் பட்ட பிறகு கட்டினால் பயனில்லை.

நோய்க்கு இவ்வளவு வழி கிடையாது. கருகல் நோய் மேகமூட்டமான ஒரு வாரத்தில் தக்காளி, உருளைத் தோட்டத்தை முழுதாகக் கருக்கிவிடும், அதைத் தின்ன எந்தப் பொறிவண்டும் வராது. கையில் இருப்பது 1885 முதல் புழக்கத்தில் உள்ள போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கட்டி தட்டி, தெளிப்பான் முனை அடைக்கும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும். துடைத்த இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை வெந்துவிடும். படிவு நிற்கும் வரை சுண்ணாம்பு நீரைச் சேர்த்து, அன்றைக்கே தெளித்து முடிக்க வேண்டும். ஆனால் செம்பு மண்ணைவிட்டுப் போகாது, மண்புழுவுக்கும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோ செம்பு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஹெக்டேருக்கு 500 லிட்டர் வீதம் ஒருமுறை தெளித்தால் 1.25 கிலோ செம்பு இறங்கும். மூன்று முறை அடித்தாலே ஒரு வருடப் பங்கு கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். அதனால் செடிக்குச் செடி இடைவெளி, அடியிலைகளைக் கழிப்பது, இலை நனையாத சொட்டு நீர், தாங்கும் ரகம் இவைதான் முதல் மருந்து. "இயற்கை மருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்ற பேச்சைக் கேட்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சான்றிதழ் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசியாக ரசாயனம் பட்ட நாளிலிருந்து, நாட்டையும் பயிரையும் பொறுத்து, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம் மாறுகாலம். அந்தக் காலத்தில் மகசூல் குறையும், விளைச்சலை இயற்கை விளைபொருள் என்று விற்கவும் முடியாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் அநியாயமாகப் படுவது இதுதான். ஆய்வாளர் வயலை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு விற்பனை ரசீதைக் கையில் எடுத்து, அந்த மூட்டை எந்த நாள் அறுவடை, எந்தத் துண்டு நிலம், எந்த விதை, என்ன உரம் என்று பின்னோக்கி நடப்பார். விற்ற எடையும் விளைந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே துண்டு நிலத்துக்கு ஒரு பெயரும் அறுவடைக்கு ஒரு எண்ணும் கொடுத்து, அன்றன்று இரவே எழுதி வையுங்கள். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுபவர்கள் தெளிப்பானைத் தனியாக வைத்தாக வேண்டும். கழுவினாலும் குழாயில் மிச்சம் நிற்கும். பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும் மருந்துக்கு உயரமான வேலிப்பயிர் ஓரளவு தடுப்பு. தெளிப்பதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி பக்கத்து வயல்காரரிடம் நல்லபடியாகக் கேட்டு வைத்துக்கொள்வது அதைவிட நல்ல தடுப்பு.

மகசூல் குறையுமா? குறையும். 2012-ல் நேச்சர் இதழில் வந்த ஒப்பாய்வு, பயிரையும் முறையையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்றது. சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடக்கும் நெடுங்கால வயல் ஆய்வில் 21 வருடக் கணக்குப்படி மகசூல் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் ஆற்றலும் 34 முதல் 53 சதவீதம் குறைவு, பூச்சி மருந்து 97 சதவீதம் குறைவு. அதே வயல்களில் மண்புழுவும் நுண்ணுயிரும் கூடியிருந்தன. இந்தக் கணக்கை மறைத்துவிட்டு யாரையும் இயற்கை விவசாயத்துக்கு அழைக்கக் கூடாது. குறையும் விளைச்சலைச் செலவு குறைவும் விலையும் ஈடுகட்டுகின்றனவா என்பதை ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியாக எழுதிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். எழுதும்போது களையெடுப்புக் கூலியை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

பலனும் இதே போலப் பிந்தித்தான் வரும், ஆனால் வரும்போது கண்ணால் பார்க்கலாம். பனி பெய்த விடியற்காலையில் பயிரின் மேல் சிலந்தி வலைகள் விரித்துப் போட்டது போல மின்னும். மருந்தடித்த வயலில் அது அவ்வளவாக இருக்காது. பூச்சி வந்த வாரமே அதைத் தின்பவையும் கூடவே நிற்கும் வருடம் ஒன்று வரும். வேலையாட்கள் மூக்கைக் கட்டாமல் வயலில் இறங்கலாம். ஒரு மணி நேரம் மழை அடித்து ஓய்ந்ததும் பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கிக் கலங்கி ஓடும்போது இங்கே இறங்கிப் போயிருக்கும். மழை பொய்த்த வருடத்தில் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

இதற்கு அவசரப்பட முடியாது. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 2,000 டன். அதில் அங்ககப் பொருள் ஒரு சதவீதம் ஏற வேண்டுமானால் 20 டன் மட்கு மண்ணிலேயே தங்க வேண்டும். 10 டன் உரத்தில் அங்ககப் பொருள் 3 டன்னுக்கு மேல் தேறாது. அதிலும் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடும். பத்து வருட வேலை என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் மண்ணின் கட்டுமானம் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிடும். அதைப் பார்க்க இரண்டு கண்ணாடி டம்ளரும் தண்ணீரும் போதும். வயல் நடுவிலிருந்து எலுமிச்சை அளவு மண்கட்டி ஒன்று, உழவே படாத வரப்பிலிருந்து புல்வேர் ஓடிய கட்டி ஒன்று. இரண்டையும் நிழலில் நன்றாக உலர்த்தி, தண்ணீர் நிறைந்த டம்ளரில் சிறு கம்பி வலை மேல் வைத்து முக்குங்கள். வரப்புக் கட்டி குமிழி விட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். மாறுகால வயலின் கட்டி ஐந்து நிமிடத்துக்குள் பொடிந்து, தண்ணீரைக் கலக்கி, சேறாகப் படியும். தேதி எழுதி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், அதே இடத்துக் கட்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் வயல் கட்டி பத்து நிமிடம் தாங்கும். இன்னொரு வருடம் ஓரம் மட்டும் உதிரும். எந்த டம்ளரில் இருப்பது வரப்புக் கட்டி என்று படத்தின் பின்பக்கம் எழுதி வைக்க வேண்டிய வருடமும் ஒன்று வரும்.